அரைக்கை சிஸ்டர் மீது ஒரு புகார்

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நர்ஸுகளிலேயே, நோயாளிக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்காமல் பெயர் வாங்கியவர் எங்கள் அரைக்கை சிஸ்டர் ஒருவர்தான். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. அந்த அம்மாள் மீது வந்த புகார்களை எல்லாம் ஃபைலில் கோத்து வைத்தவன் நான். அவற்றுக்குப் பதில் டைப் அடித்தவனும் நான். அவற்றில் ஒன்றை எழுதியவனும் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஐம்பது படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். இன்று அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. நோயாளிகள் முனகிய இடத்தில் நாதஸ்வரம் ஒலிக்கிறது, நல்லதுதான். அங்கே ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர்தான் இந்த சிஸ்டர். சாயர்புரம் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். அரைக்கை என்ற பெயரைக் கேட்டுவிட்டுப் புதிதாக வருகிறவர்கள், விபத்தில் கை போன ஆள் என்று நினைத்து முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு கையும் முழுசாக உள்ள, ஆஜானுபாகுவான ஓர் அம்மாள் எதிரே வந்து நின்று, "தலையணையை நீங்களே நகத்திக்கிடுங்க, உங்களால முடியும்" என்று சொன்னதும் அந்தப் பரிதாபம் வந்த வழியே போய்விடும்.

இந்தக் கிறுக்கு அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. பதினைந்து வருஷம் எல்லா நர்ஸையும் போலத்தான் இருந்திருக்கிறார். நடுவில் மேல்படிப்பு என்று வெளியூர் போனார். திரும்பி வரும்போது ஒரு நீல அட்டை நோட்டோடு வந்தார். அதில் அமெரிக்காவில் ஒரு நர்ஸ் அம்மாள் கண்டுபிடித்த கொள்கை இருந்தது. எங்கள் ஆபீஸ் அறைக்கு வந்து, நான் கேட்காமலேயே எனக்கு அதைப் பாடம் எடுத்தார். மனிதன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளப் பிறந்தவன். சாப்பிடுவது, குளிப்பது, நடமாடுவது, நாலு பேரோடு பேசுவது, சும்மா தனியாக இருப்பது, எல்லாமே அவன் தனக்குச் செய்துகொள்ளும் பராமரிப்பு. நோய் வந்தால் அதில் ஒரு பங்கு குறையும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை மட்டும் நர்ஸ் நிரப்ப வேண்டும். அதற்கு மேல் ஓர் அங்குலம் நிரப்பினாலும் அவனிடம் மிச்சம் இருப்பதையும் நாம் பிடுங்கிக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

இதெல்லாம் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோக வேண்டிய விஷயம். கூடப் படித்தவர்கள் அப்படித்தான் செய்திருப்பார்கள். இவர் மட்டும் அதை நேராக வார்டுக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

அமெரிக்கக் கொள்கைக்குத் திருநெல்வேலிப் பெயர் வைத்ததும் அவரே. ஒன்றுமே முடியாத நோயாளிக்கு முழுக்கை. பாதி முடிந்தவருக்கு அரைக்கை. எல்லாம் முடியும், ஆனால் பயந்துகொண்டு கிடக்கிறார் என்றால் அவருக்கு வெறும் வாய். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பதோடு சரி, தொடக்கூடாது. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு, யாருக்கு எது என்று சாக்பீஸால் எழுதி வைத்தார். தினமும் காலையில் நோயாளியைச் சோதித்துப் பார்த்து எழுத்தை மாற்றுவார். அவர் வார்டில் முக்கால்வாசிப் பேர் அரைக்கைதான். அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

முதலில் இடம் பத்தவில்லை என்று 'மு', 'அ', 'வா' என்று ஒற்றை எழுத்தாகத்தான் எழுதினார். அம்பாசமுத்திரத்து ரைஸ்மில் அண்ணாச்சி ஒருவர் குடலில் ஆபரேஷன் ஆகி மயக்கம் தெளியாமல் கிடந்தார். சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். முதலில் உள்ளே வந்த மைத்துனர் சிலேட்டைப் பார்த்தார். 'மு' என்று எழுதியிருந்தது. முடிஞ்சுது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பிறகு வேன் முழுக்க அழுத அழுகையில் அண்ணாச்சிக்கு மயக்கமே தெளிந்துவிட்டது. அவர் கண்ணைத் திறந்து, "யாருவே போயிட்டா?" என்று பைய விசாரித்தார். அன்று சாயங்காலமே சிஸ்டர் பெரிய சிலேட்டாக வாங்கிப் போட்டார்.

அவர் மேஜைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் அவரே செய்த ஆயுதங்கள். விரல் மடங்காதவர் பிடிப்பதற்காக, சைக்கிள் கைப்பிடி ரப்பரைச் செருகிய ஸ்பூன். ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடுவதற்கு, குடைக்கம்பியை வளைத்துச் செய்த கொக்கி. வேட்டி இடுப்பில் நிற்காதவர்களுக்கு, பாவாடை நாடா கோத்துத் தைத்த வேட்டி. இதைக் கட்டமாட்டேன் என்று சேரன்மகாதேவி மிலிட்டரிக்காரர் ஒருவர் மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறார். நாலாவது நாள் தன் தம்பிக்கும் ஒன்று தைத்துத் தரச் சொல்லிக் கேட்டாராம்.

என் புகார் ஃபைல் மாதத்துக்கு மாதம் பருத்தது. 'தண்ணீர் கேட்டேன். சொம்பு எந்தப் பக்கம் இருக்கிறது, சொல்லுங்கள் என்று என்னையே கேட்டார்' என்று ஒருவர். 'என் மாமனார் ஒரு சட்டைப் பொத்தான் போட முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை பெரிய டாக்டரையே வாசலில் நிற்க வைத்தார்' என்று ஒருவர். அந்தப் பெரிய டாக்டர்தான் ஆஸ்பத்திரிக்கு முதலாளி. நின்றது உண்மைதானா என்று கேட்டேன். ஆமாம், நல்ல பொத்தான், பார்க்க வேண்டியதுதான் என்றார். எல்லாப் புகாருக்கும் ஒரே பதில்தான். 'தங்கள் கடிதம் கிடைத்தது. ஆவன செய்யப்படும்.' ஒன்றும் செய்யப்படாது என்பதை எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொல்லுவோம். அந்த வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள் போனபிறகும் நடந்துகொண்டிருந்தார்கள். டாக்டருக்கு அது போதுமாக இருந்தது.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, என் அப்பா அதே வார்டில் வந்து படுக்கும்வரை.

அப்பா ஓய்வுபெற்ற சார்பதிவாளர். பத்திர ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். பேனா பிடித்த கைக்குக் கைநாட்டு வைக்கிற கையைக் கண்டால் ஓர் இளக்காரம் உண்டே, அது அவரிடம் தாராளமாக உண்டு. 'ரேகை வைக்கிறவுக அந்தப் பக்கம்' என்று அவர் கை காட்டுவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சேரன்மகாதேவி வீட்டில் ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்குப் பேப்பர் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. உயிருக்கு ஆபத்தில்லை என்று ஒரு வாரத்தில் டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு கொஞ்சம் குழறியது. அதிகாரம் குழறவில்லை.

அம்மாவுக்கு அவர் உயிரோடு இருந்ததே போதும். இனி அவுகளை ஒரு விரல் அசைய விடமாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டாள். இட்லியைப் பிட்டு ஊட்டுவாள், தலை வாருவாள், துண்டால் வாயைத் துடைப்பாள். அப்பா பேச வாயெடுத்தால் அந்தப் பேச்சையும் அவளே பேசி முடிப்பாள். சிஸ்டர் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் சிலேட்டில் 'அரைக்கை' என்று எழுதிவிட்டு, அம்மாவிடம் ஊட்டக்கூடாது என்றார்.

"பின்னே அவுக எப்படிச் சாப்பிடுவாக?" என்று அம்மா கேட்டாள்.

"அவங்க கையால."

"கைதான் வரலையே."

"தோள் வருது, முழங்கை வருது. விரல்தான் மடங்கலை. மடங்காததுக்கு மட்டும் நான் ஒத்தாசை பண்ணுதேன்."

சைக்கிள் ரப்பர் ஸ்பூன் வந்தது. அப்பா அதைப் பார்த்த பார்வையில் ரப்பர் உருகாதது ஆச்சரியம். அது வேண்டாமென்றால் இப்போதைக்கு இடது கையால் சாப்பிடலாம் என்றார் சிஸ்டர். பிள்ளைமார் வீட்டில் பிறந்து இடது கையால் சாப்பிடுவதா என்று அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். அன்று காலைச் சாப்பாடு தட்டிலேயே ஆறியது. சிஸ்டர் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அவர் வழக்கம். ஏன் அப்படி உட்காருகிறீர்கள் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "இல்லேன்னா இந்தக் கை தானா ஓடிரும் தம்பி" என்றார். அன்று எனக்கு அது தெரியாது. திமிர் என்றே நினைத்தேன்.

மத்தியானம் சிஸ்டர் வேறு பக்கமாக வந்தார். சாப்பாட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. இங்கே உங்களுக்கு அடுத்தவர் செய்து கொஞ்சங்கூடப் பிடிக்காத காரியம் எது என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. இடது கையால் நெற்றியைக் காட்டினார்.

அம்மா தினமும் அவருக்குத் திருநீறு பூசிவிடுவாள். அவளுக்கு இருந்த அவசரத்தில் அது சுவருக்கு வெள்ளை அடித்தது மாதிரி இருக்கும். அப்பாவோ அறுபது வருஷமாகக் கண்ணாடி இல்லாமலே மூன்று கோடு ஸ்கேல் வைத்தது போல இழுத்தவர். மறுநாள் காலை சிலுவைச் சங்கிலி போட்ட அந்த சாயர்புரத்து அம்மாள், எங்கிருந்தோ ஒரு திருநீற்றுத் தட்டோடு வந்து நின்றார். அப்பாவின் வலது முழங்கைக்கு அடியில் மட்டும் தன் உள்ளங்கையை வைத்துத் தாங்கினார். மற்றது அப்பா பாடு. அன்று திருநீறு மூக்கில் விழுந்தது, காதில் விழுந்தது, தலையணையில் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர் இரண்டு தடவை தும்மினார். நெற்றியில் விழுந்தது எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரே ஒரு கோடு. அப்பா கண்ணாடி கேட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, தலையைத் திருப்பாமலே, அந்த ஸ்பூனைக் கொண்டுவரச் சொன்னார்.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்கும். அடுத்த வாரம் அந்தச் சம்பவம் நடக்காமல் இருந்திருந்தால்.

அப்பா சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தார். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பதினைந்து அடி இருக்கும். அன்று காலை சிஸ்டர் சிலேட்டை மாற்றி 'வாய்' என்று எழுதியிருந்தார். நான் ஆபீஸிலிருந்து ஒரு காகிதத்தோடு வார்டுக்குள் நுழைகிறேன். பாதி வழியில் அப்பா சுவரில் சாய்ந்து நிற்கிறார். வேட்டி நனைந்து தரையில் ஈரம் ஓடுகிறது. வார்டு முழுக்கப் பார்க்கிறது. ஓர் அடி தள்ளி சிஸ்டர் இரண்டு கைகளையும் நீட்டியபடி நிற்கிறார், தொடவில்லை. "இன்னும் நாலு எட்டுதான் ஐயா" என்கிறார்.

நான் அவரைத் தள்ளிவிட்டுத்தான் போனேன் என்று நினைக்கிறேன். அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரு மணி நேரம் கழித்து அப்பா சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"ஏலே. ஒரு புகார் எழுதுலே."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முப்பது வருஷம் பத்திரம் பார்த்தவர் சொன்ன புகார் அது. 'மேற்படி நபர்', 'மேற்படி தேதியில்', 'மேற்படி கழிப்பறைக்கு வடபுறம்' என்று நாலு எல்லையோடு இருந்தது. ஆபீஸுக்குப் போய் டைப் அடித்தேன். அத்தனை வேகமாக நான் அதற்கு முன்னும் பின்னும் அடித்ததில்லை. அடியில் கையெழுத்து வேண்டும். அப்பாவால் முடியாதே என்று, கைநாட்டுக்காக ஆபீஸிலிருந்த மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதைக் கட்டில் மேல் வைத்ததும் அப்பாவின் முகம் மாறியது. அந்த ஊதா மையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கைப் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டார். நான் மடையன், அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் சிஸ்டர் வந்துவிட்டார்.

என்ன காகிதம் என்று கேட்டு வாங்கினார். நின்றபடியே முழுதும் படித்தார். நான் எதற்கும் தயாராக நின்றேன். அவர் ஒரு வரியைக் காட்டி, கிழமை தப்பாக இருக்கிறது, இன்றைக்குச் செவ்வாய் என்றார். பிறகுதான் மைப்பெட்டியைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

அப்பாவுக்கு என்றேன்.

அவர் மைப்பெட்டியை மூடித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அப்பாவின் பக்கம் குனிந்து, "ஐயா, இது எம்மேல எழுதின புகார். நியாயமாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இதுக்குக் கைநாட்டு வேண்டாம். கையெழுத்துப் போட்டே குடுங்க. நான் சொல்லித் தாறேன்" என்றார்.

இப்படி ஒரு காட்சியை வேறெந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் பார்த்திருக்க முடியாது. தன் மேல் வந்த புகாரில் கையெழுத்துப் போட, புகார் கொடுக்கிறவருக்கு அவரே பயிற்சி கொடுத்தார். பேனாவைச் சுற்றி பேண்டேஜ் துணியைச் சுற்றிச் சுற்றிக் கத்திரிக்காய் கனத்துக்கு ஆக்கினார். முதல் நாள் வெறும் கோடு. இரண்டாம் நாள் சுழி. எனக்கு ஆபீஸில் உபயோகமில்லாத காகிதக் கட்டு தினமும் வேண்டும் என்று உத்தரவு. அப்பாவுக்குக் கோபமே பெரிய மருந்தாக இருந்தது. இந்தப் பொம்பளையை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். சிஸ்டரும் அவரைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருப்பார். இந்தச் சுழியைப் பார்த்தால் பெரிய டாக்டர் நம்பமாட்டார், புகார் தள்ளுபடியாகிவிடும் என்பார். அப்பா அடுத்த காகிதம் கேட்பார்.

அந்த நாட்களில் பக்கத்துக் கட்டிலுக்குக் களக்காட்டிலிருந்து ஒருவர் வந்தார். வாழைத்தார் சுமக்கிறவர். ஈரல் முழுக்கக் கெட்டுப்போய், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்ட கேஸ். கூட யாரும் இல்லை. சிலேட்டில் 'முழுக்கை' என்று எழுதியிருந்தது. தம்ளர் எடுத்துத் தராத அதே சிஸ்டர் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டார். முகச்சவரம் செய்தார். நகம் வெட்டினார். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டு, அவர் களக்காட்டுத் தோட்டங்களைப் பற்றி முனகியதை எல்லாம் உம் கொட்டிக் கேட்டார். வேலை நேரம் முடிந்தும் அவர் பக்கத்திலிருந்து எழுந்து போகவில்லை.

அப்பா இதையெல்லாம் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

"அவருக்கு மட்டும் எல்லாம் செய்யுதீக. எனக்கு ஒரு கை குடுத்தா என்ன?"

"அவருக்கு முடியாது ஐயா. உங்களுக்கு முடியும்" என்றார் சிஸ்டர். அப்புறம், கொஞ்சம் தள்ளி வந்து, களக்காட்டுக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னார். "நான் உங்களுக்கும் முழுக்கை போடுத நாள் வந்துரக்கூடாதுன்னுதான் பயந்துகிட்டு இருக்கேன்."

இரண்டு நாள் கழித்து நான் போனபோது பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. சிலேட்டைத் துடைத்து வைத்திருந்தார்கள். அப்பா எழுதிக்கொண்டிருந்தார். அன்று அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் வந்ததுகூடத் தெரியாமல், ஒரு சின்னப் பையன் முதன்முதலாக எழுதுகிறது போல, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார்.

பதினோராம் நாள் புகாரில் கையெழுத்து விழுந்தது. முதல் எழுத்து பெரிசு, கடைசி எழுத்து கோடாக இறங்கிக் காகிதத்தின் ஓரத்துக்கே போய்விட்டது. ஆனால் பத்திர ஆபீஸ் பழக்கத்தில் அடியில் இழுக்கிற அந்த இரட்டைக் கோடு இருந்தது. சிஸ்டர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் கண் நிறைந்ததை அன்றுதான் பார்த்தேன். "போட்டுட்டாரு, போட்டுட்டாரு" என்று அதைக் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்க் காட்டினார். தன்னை வேலையை விட்டு எடுக்கக் கோரும் காகிதத்தை அத்தனை பெருமையாக யாரும் ஊர்வலம் விட்டிருக்க மாட்டார்கள்.

இனி அதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நானும் அம்மாவும் நினைத்தோம். அப்பா அப்படிப்பட்ட ஆளில்லை. கையெழுத்தான பத்திரம் பதிவாக வேண்டும். கொண்டுபோய்க் கொடு என்றார். கொடுத்தேன்.

இந்தத் தடவை ஆவன செய்யப்படும் என்று தள்ள முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பங்கு வைத்திருந்த டாக்டரின் தம்பிக்கு இந்த சிஸ்டரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. பெரிய வீட்டு நோயாளிகள் பயந்து வேறு இடம் போகிறார்கள் என்பது அவர் கட்சி. ஆஸ்பத்திரி டைப்பிஸ்டின் தகப்பனாரே புகார் கொடுத்திருக்கிறார், இதைவிட என்ன வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். விசாரணை என்று ஆகிவிட்டது. டாக்டர், தம்பி, சிஸ்டர், நான் எல்லோரும் டாக்டர் அறையில் கூடினோம். அப்பாவை நாற்காலி வண்டியில் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள். அவர் வேண்டாமென்று சொல்லி, கைத்தடியை ஊன்றி, வராந்தா முழுக்க நடந்து வந்தார். எல்லோரும் கால் மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் எழுந்து வாசலுக்கே வந்து நின்றுகொண்டார்.

டாக்டர் முதலில் சிஸ்டரிடம் கேட்டார். சிஸ்டர் ஒரு சாக்கும் சொல்லவில்லை.

"அன்னைக்கு நான் போட்ட கணக்கு தப்பு டாக்டர். ஐயாவுக்கு அன்னைக்கு அரைக்கை வேணும். நான் முந்திப் போயி வாய்னு எழுதிட்டேன். அவங்க பட்ட அவமானம் என்னாலதான்."

போதும், ஒத்துக்கொண்டாயிற்று என்று டாக்டரின் தம்பி நாற்காலியை நகர்த்தினார். டாக்டர் அப்பாவின் பக்கம் திரும்பி, புகாரில் உள்ளது எல்லாம் உண்மைதானா என்று கேட்டார்.

"ஒவ்வொரு வார்த்தையும் உண்மை" என்றார் அப்பா.

"அப்போ இந்த அம்மாவை நாங்க என்ன செய்யணும்?"

அப்பா தன் கையெழுத்தைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்க்கவில்லை. அவர் வளைந்து கொடுத்து நான் பார்த்ததில்லை.

"கண்டிச்சு ஒரு காகிதம் குடுங்க. தப்பு தப்புதான்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா வேலையை விட்டு அனுப்பிராதீங்க. எனக்கு இன்னும் எடது கால் செருப்பு மட்டுந்தான் போட வருது. வலது கால் பாக்கி இருக்கு."

டாக்டர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். கண்டனக் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். சிஸ்டர் அதை வாங்கிப் படித்து, ஒரு எழுத்துப்பிழையைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்பா மேலும் ஒரு மாதம் இருந்துவிட்டு, இரண்டு கால் செருப்பையும் தானே போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் சிஸ்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். என்ன பேசினார்களோ, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அப்பா சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகும். குழம்பு மீசையில் ஒழுகும். அம்மா எதிரில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருப்பாள், எழுந்திருக்கமாட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை அதுதான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அப்பா அப்படி ஆறு வருஷம் இருந்தார். ஆற்றில் தனியாகக் குளிக்க விடவில்லை என்பது ஒன்றுதான் கடைசிவரை அவர் எங்கள் மேல் வைத்த குறை.

சிஸ்டர் அதற்குள் வளைகுடா நாட்டு வேலைக்குப் போய்விட்டார். புறப்படுகிற அன்று நெல்லை ஜங்ஷனுக்கு நானும் அம்மாவும் போனோம். அம்மா நார்த்தங்காய் ஊறுகாயும் முறுக்கும் கட்டி எடுத்து வந்திருந்தாள். அங்கனயெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பிடணும், உடம்பைப் பார்த்துக்கொள்ளணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பதில் சொல்ல வந்த சிஸ்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில் நகர்ந்தபோதுதான் விட்டார். முதல் வருஷம் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. நாங்கள் வீடு மாறினோம், ஆஸ்பத்திரியும் மூடிவிட்டது, தொடர்பு அறுந்தது.

இப்போது அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். ஆனாலும் யாரையாவது பார்க்க எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், உயரமான ஒரு நர்ஸம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால், அவர் முகத்தைத் திருப்பும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.